பரிசலில் ஒரு பகல்: ஒகேனக்கல் முதல் மேட்டூர் வரை

அரக்கோணத்தை அடுத்து ஓடும் கொசஸ்தலையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், படகு என்றதும் அப்பகுதி மக்களுக்குத் தக்கோலத்தை ஒட்டித் தளம் கொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வெள்ளக் காலத்தில் எடுத்துச் செல்லும் ரப்பர் படகே நினைவுக்கு வருவது இயல்பு. ஆற்றிலும் ஏரிபோல் விரிந்த நீரிலும், காட்டை ஒட்டி, ஒற்றைத் துடுப்பை நம்பிச் செல்லும் பயணத்தை அறிய விரும்புவோர் காவிரியில் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூர் அணைக்கும் இடைப்பட்ட நீர்வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே ஓடும் படகு பரிசல்.

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பிர்ச் மரப்பட்டையால் செய்து ஏரிகளில் ஓட்டிய கனூ என்னும் படகு, இரு முனையும் கூர்ந்து நீண்டிருப்பதால் நேராகச் செல்லும் இயல்புடையது. பரிசலுக்கோ முன், பின் என்பதே இல்லை. பிளந்த மூங்கிலை வட்டமாகப் பின்னி, விளிம்பை இறுக்கிக் கட்டி, அடியில் முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினர். இப்போது பிளாஸ்டிக் தாளை விரித்துத் தார் பூசுகின்றனர். அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் அது நீரில் சில அங்குலமே அமிழ்கிறது. பாறை தட்டினாலும் மூங்கில் வளைந்து கொடுக்குமே தவிரப் பலகை போல எளிதில் பிளந்துவிடுவதில்லை. 1520ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரம் வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய வட்டப் படகுகள் ஆட்களையும் குதிரைகளையும்கூட அக்கரை சேர்த்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இராக்கின் டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய குஃபாவும் இதே வட்ட வடிவந்தான்.

இவ்வடிவத்தை ஓட்டுவது பார்ப்பதற்குத் தோன்றுமளவு எளிதன்று. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுழலும் என்பதால், பரிசல்காரர் விளிம்பருகே அமர்ந்து, போக வேண்டிய திசையில் துடுப்பை நீருக்குள் இறக்கி, இடமும் வலமுமாக வளைத்துத் தம்மை நோக்கி இழுக்கிறார். ஒவ்வோர் இழுப்பிலும் பரிசல் சற்றே திரும்ப, அடுத்த இழுப்பு அதை மீட்டு நேராக்குகிறது. பயணிகளை மகிழ்விப்பதற்காகச் சில பரிசல்காரர்கள் சுழற்றிக் காட்டுவதுண்டு. உண்மையான திறமை சுழலாமல் கொண்டு செல்வதில்தான் இருக்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து ஏற முடியாத இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே நடந்துவிடுகின்றனர்.

பயணம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது நீர்வரத்து. கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீரின் அளவு, வினாடிக்கு இத்தனை கனஅடி என்று நாள்தோறும் செய்தித்தாள்களில் வெளியாகிறது. ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர் ஆதலால், 10,000 கனஅடி என்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ 2.83 லட்சம் லிட்டர் கடந்து செல்வதைக் குறிக்கும். அளவு கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேர்வதால், கரையில் நின்று மேகத்தைப் பார்த்து எதையும் கணிக்க இயலாது.

ஒகேனக்கல்லின் செங்குத்துப் பாறைகளுக்கு இடையே ஒடுங்கி ஓடும் ஆறு, கீழே செல்லச் செல்ல அகன்று, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கமாகிறது. முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. 100 கோடி கனஅடி) நிரம்பி, நீர்மட்டம் 120 அடியைத் தொடும்போது, தேங்கிய நீர் ஒகேனக்கல்லுக்கு அருகே வரை பரவி நிற்கும். வெகுவாக வற்றும் ஆண்டுகளில், அணைக்காக மூழ்கிய பண்ணவாடிப் பகுதியின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மீனவர்கள் வலை விரிப்பதும் பரிசலிலிருந்துதான். ஆனால் இவ்வகன்ற நீர்ப்பரப்பு பரிசலுக்கு உகந்த இடமன்று: ஆற்றில் நீரோட்டம் பாதி வேலையைச் செய்துவிட, இங்கே காற்று வீசினால் பரிசல் அதன் போக்கில் ஒதுங்கிவிடுகிறது, கனூவின் நீண்ட உடல் சிறப்பது இங்கேதான்.

ஒகேனக்கல்லுக்கு மேற்புறமாகக் காவிரியின் கரையை ஒட்டிய காடுகள் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நீர்நாயும் முதலையும் லீத் மென்ஓட்டு ஆமையும் வாழும் அந்நீரில், பாறையில் வெயில் காய்வது முதலையாகவும் இருக்கலாம் என்பதால், கண்ட இடத்தில் குளிக்க இறங்குவது அறிவீனம்.

அரக்கோணத்திலிருந்து செல்வோர் ஜோலார்பேட்டை வழியாக மொரப்பூர் வரை ரயிலிலும், அங்கிருந்து தருமபுரி வழியாகப் பேருந்திலும் ஒகேனக்கல்லை அடையலாம். புறப்படும் முன் அன்றைய நீர்வரத்தையும் தடை அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர்காக்கும் உடை தராத பரிசலிலும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் பரிசலிலும், எத்தனை கூவி அழைத்தாலும் ஏறக்கூடாது.