எல்லாச் சிப்பிக்குள்ளும் முத்து இருக்குமா?

என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் படிக்கிற எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. 'முத்து கிடைத்தால், அது சிப்பிக்குள்ளிருந்துதான் வந்திருக்கும்.' இதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், 'சிப்பியைத் திறந்தால் முத்து கிடைக்கும்' என்பதும் உண்மைதானா?

தூத்துக்குடிப் பிள்ளைகள் உடனே இல்லை என்பார்கள். கடலடியில் சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முன்பு முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பாரில் இறங்கி, சிப்பிகளை வாரிக்கொண்டு வருவார்கள். அத்தனையையும் பிளந்து பார்த்தும் நல்ல முத்து ஒன்றுகூட அகப்படாத நாட்கள் உண்டு. இந்தக் கரையில் 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் 'முத்தென்றால் சிப்பி' வேறு, 'சிப்பியென்றால் முத்து' வேறு என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முத்தும் சிப்பியும் இல்லாமல் இதையே கேட்டால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். 1966-இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஒரு சீட்டுப் புதிரைச் சொன்னார். அதை நம் எழுத்தில் வைத்துப் பார்ப்போம். மேசையில் நான்கு சீட்டுகள்: அ, ம, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண். விதி சரியா என்று பார்க்க எந்தச் சீட்டுகளைப் புரட்டியே ஆக வேண்டும்?

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

பலர் 'அ, 4' என்றார்கள். சரியான விடை 'அ, 7'. 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டாலோ விதி உடைந்தது! பத்தில் ஒருவர்கூட இதைச் சரியாகச் சொல்லவில்லையாம்.

இப்போது துறைமுக வாசலுக்கு வாருங்கள். சரக்குத் தளத்துக்குள் போகிறவர் தலைக்கவசம் போட வேண்டும் என்று ஒரு விதி. நீங்கள்தான் காவலர். ஒருவர் உள்ளே போகிறார், தலை தெரியவில்லை. ஒருவர் வெளியே நிற்கிறார். கவசம் போட்ட ஒருவரும் வெறுந்தலையோடு ஒருவரும் வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று தெரியாது. யாரைப் பார்ப்பீர்கள்? உள்ளே போகிறவரையும் வெறுந்தலைக்காரரையும்தானே! இதுவும் அதே சீட்டுப் புதிர்தான். 1982-இல் அமெரிக்காவில் இப்படி ஒரு பழகிய விதியாக மாற்றிக் கேட்டபோது நான்கில் மூன்று பேர் போலச் சரியாகச் சொன்னார்கள்.

அதனால் கேள்வி குழப்பினால் அதை உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு, 'இந்த முடிவை உடைக்கிற ஓர் உதாரணம் உண்டா?' என்று தேடுங்கள். கிடைத்தால் அந்த விடையை அடித்துவிடலாம். ஓர் எச்சரிக்கை: 'எல்லாப் படகுகளும் மீன்கள்' என்று கேள்வித்தாள் சொன்னால் அதோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கேள்வி முடியும்வரை படகு மீன்தான். என்.எம்.எம்.எஸ். மனத்திறன் தாளில் 90 கேள்விக்கு 90 நிமிடம். வீட்டில் முதலில் கடிகாரம் பார்க்காமல், உடைக்கும் உதாரணத்தை நோட்டில் எழுதிப் பழகுங்கள். வேகம் பிறகு வரும். சட்டக் கல்லூரிக்கான கிளாட் தேர்விலும் தர்க்கத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இந்தப் பழக்கம் அதுவரை கூடவரும்.

உடைக்கும் உதாரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தூத்துக்குடிப் பக்கத்து வேப்பலோடையில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி 1973-இல் அங்கேதான் இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை உருவாக்கினார். சிப்பிக்குள் தூசி விழுந்தால் முத்தாகும் என்று நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? ஆனால் சிப்பியின் உடலுக்குள் வெறும் மணியை வைத்தால் உருண்டை முத்து வராது. ஓட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையில் ஒரு துண்டை இன்னொரு சிப்பியிலிருந்து வெட்டி, மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டு வளர்ந்து மணியைப் பைபோலச் சூழ்ந்துகொண்டு, பளபளக்கும் படலத்தை அடுக்கடுக்காகப் பூசும். சில நன்னீர்ச் சிப்பிகளில் மணியே இல்லாமல், சதைத் துண்டை மட்டும் வைத்தும் முத்து எடுக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள்: 'உள்ளே மணி இருந்தால்தான் முத்து வரும்' என்பதை உடைக்கிற சிப்பி எது?