டிராக்டருக்குப் பேசும் ரேடியோ: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

செவ்வாப்பேட்டை, திரூர் பகுதிகளில் நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தால்தான் நடக்கிறது. வாடகை மணிக்கணக்கில். தொட்டி நிரம்பிய இயந்திரம் வயலில் காத்து நிற்க, நெல்லை ஏற்ற வேண்டிய டிராக்டர் களத்திலேயே நின்றுவிட்டால் அந்த அரை மணிக்கும் பணம் கொடுப்பவர் விவசாயிதான். செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். எண்ணைத் தேடி அழைத்து, மறுபக்கம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் செல்போன் சேவை பல இடங்களில் அற்றுப்போனதும் நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் சேதி போகும் இருவழி ரேடியோ இத்தகைய வேளையில் உதவும்.

ஆனால் கண்டதை வாங்கிவிடக் கூடாது. இந்தியாவில் தனி உரிமம் பெறாமல் இதற்குப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகள் முக்கியமாக இரண்டே. ஒன்று 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ‘சிட்டிசன் பேண்ட்’. 5 வாட் சக்தி வரை இதற்கு 2005-ல் விலக்கு அளிக்கப்பட்டது. மற்றொன்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வாக்கி டாக்கி வரிசை. இதற்கான விலக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் 136 முதல் 174 வரையும், 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரையும் எதில் வேண்டுமானாலும் பேசக்கூடியவை. போலீசும் பிற துறைகளும் பயன்படுத்தும் அலைகள் இவற்றுக்குள் அடங்கும். உரிமமின்றி இதில் பேசுவது குற்றம். தெரியாமல் பேசினேன் என்பது சமாதானமாகாது. இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வழிமுறைகளை வெளியிட்டது. ஆகவே கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் சான்று உண்டா என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவும். அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமம் தேர்வு எழுதிப் பெறுவது. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பழவேற்காட்டுப் படகுகளுக்கான கடல் வி.எச்.எஃப். கருவியும் வயலுக்கு உரியதல்ல.

இரண்டில் எது நல்லது? அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ‘10 கிலோமீட்டர்’ என்பதை நம்ப வேண்டாம். அது மலை உச்சிக்கு உச்சி பேசும் கணக்கு. 446 வாக்கி டாக்கி பெரும்பாலும் அரை வாட் சக்தி கொண்டது. திறந்த வயலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் எட்டும். தோப்பும் வீடுகளும் குறுக்கிட்டால் அதுவும் குறையும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளிருந்து பேசினால் இரும்புக் கூண்டு அலையைத் தடுக்கும். கூரையில்லாத டிராக்டரில் இந்தத் தொல்லை இல்லை. வயலுக்கும் களத்துக்கும் இடையே பேச, பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு இதுவே போதும்.

ஊரிலிருந்து தள்ளி நிலம் வைத்திருப்பவர்கள், கூட்டாகப் பல வண்டி ஓட்டுபவர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் கருவியைக் கருதலாம். இது வண்டியில் பொருத்தக்கூடியது. இதில் கருவியைவிட ஏரியலே முக்கியம். இந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு ஏறக்குறைய 2.75 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை வண்டியில் நிறுத்துவது கடினம் என்பதால் அடியில் சுருள் வைத்துக் குட்டையாக்கி விற்கிறார்கள். மிகவும் குட்டையான ஏரியல் அழகாக இருக்கும், எட்டாது. இரும்புக் கூரையின் நடுவில் பொருத்தினால் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் கூரையானால் அடியில் உலோகத் தகடு தேவை. வயல்களின் மேல் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை மறக்க வேண்டாம். அவற்றின் அடியில் வண்டி செல்லுமுன் கம்பியை மடக்கிக் கட்டிவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

மின் இணைப்பைப் பேட்டரியிலிருந்து நேரே எடுத்து, அதன் அருகிலேயே ஃபியூஸ் போடவும். விளக்கு ஒயரில் ஒட்டுப்போட்டால் ஆல்டர்னேட்டரின் ‘ங்ஙொய்’ சத்தம் பேச்சோடு கலக்கும். இக்கருவிகள் பொதுவாக 12 வோல்ட்டுக்கானவை. 24 வோல்ட் லாரியில் நேரடியாக மாட்டினால் எரிந்துபோகும். ஏரியல் இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்துவதும் கருவியைக் கெடுக்கும்.

டிராக்டர் இரைச்சலுக்குக் கருவியின் சொந்த ஒலிபெருக்கி போதாது. வெளி ஒலிபெருக்கி மாட்டும் துளை உள்ளதா என்று பார்க்கவும். பத்துப் பதினைந்து பொத்தான்கள் தேவையில்லை. ஒலி, சேனல், பேசும் பொத்தான் மூன்றும் சேற்றுக் கையால் திருகுமளவு பெரிதாக இருந்தால் சரி. ஓட்டும்போது பேசாமல், நிறுத்திப் பேசுவது நல்லது.

பணம் கொடுக்குமுன் ஒரு ஜோடியைச் சொந்த நிலத்தில் சோதித்துப் பார்க்கக் கடைக்காரரிடம் கேட்கலாம். ஒருவர் களத்தில் நிற்க, மற்றவர் தூரத்து வயலில், இயந்திரம் ஓடும்போதே பேச வேண்டும். நெற்பயிர் நிற்கும் நாளில், ஈரம் அதிகமான காலை வேளையில் ஒருமுறையும், வெயில் ஏறியபின் ஒருமுறையும் பேசிப் பார்ப்பது நல்லது.