பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து!
அது சொல்லும் கதை என்ன?

தாம்பரத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலும் இருந்து அங்கே மக்கள் வருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் வாலிபர் வருகிறார். கடல் கடந்து வாழும் மகளைப் பார்க்கப் போகும் தாயாரும் வருகிறார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, "பெயர்". மற்றொன்று, "குடும்பப் பெயர்".

முதல் கட்டத்தை எல்லோரும் நிரப்பி விடுவார்கள். இரண்டாவது கட்டம் வந்ததும் பலருக்குக் கை நின்று விடும்!

நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது ஓர் எழுத்துதான். அதற்கு "இனிஷியல்" என்று பெயர்.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? அதன் பொருள் என்ன?

போலந்து நாட்டில்...

முதலில் வெளிநாட்டுக் கதை ஒன்றைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் போலந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. பாட்டனாருக்கு இருந்த பெயரே பேரனுக்கும் வரும்.

அங்கே மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர், "நோவாக்". சுமார் 2 லட்சம் பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது. "ஊருக்குப் புதிதாக வந்தவன்" என்பது அதன் பொருள். எப்போதோ ஒரு கிராமத்தில் புதிதாகக் குடியேறியவரை அப்படிக் கூப்பிட்டார்கள். அதுவே வம்சத்தின் பெயராகி விட்டது!

நம் தாம்பரத்தில் அப்படிப் பெயர் வைத்தால், எத்தனை பேர் "நோவாக்" ஆவார்கள்!

அங்கே இன்னொரு பெயர், "கொவால்ஸ்கி". "கொவால்" என்றால் கொல்லர். அந்தக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் "கொவால்ஸ்கா" என்று பெயர் மாறும்.

ஊர், தொழில், குடியேற்றம். இவைதான் அங்கே குடும்பப் பெயர்கள் ஆயின.

நக்கீரருக்கும் இனிஷியல்!

நம் நாட்டிலும் ஊரும் தொழிலும் பெயரோடு சேர்ந்து இருந்தன. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர். அறுவை என்றால் துணி. அவர் ஜவுளி வியாபாரி! உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்று மற்றொரு புலவர். அவர் வைத்தியர்.

நக்கீரரின் முழுப் பெயர் என்ன தெரியுமா? மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்!

மதுரை அவருடைய ஊர். கணக்காயனார் அவருடைய தகப்பனார். இன்று இருந்தால் "ம.க.நக்கீரனார்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்!

ஆனால், போலந்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். இங்கே தகப்பனார் பெயர் பிள்ளையோடு நின்று விடும். பேரனுக்கு வேறு எழுத்து வந்து விடும்.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. பள்ளிக்கூடமும் கச்சேரியும் உத்தியோகமும் வந்தன. ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் சுருங்கி, ஆங்கில எழுத்துகள் ஆயின.

எம்.ஜி.ராமச்சந்திரன் பெயரில் "எம்" என்பது மருதூர். "ஜி" என்பது அவர் தகப்பனார் கோபாலன். சி.என்.அண்ணாதுரை பெயரில் "என்" என்பது நடராசன். "சி" என்பது காஞ்சீபுரம். ஆங்கிலேயர் அந்த ஊரைக் "கான்ஜீவரம்" என்று எழுதினார்கள். அந்த ஆங்கில முதல் எழுத்துதான் "சி".

செங்கல்பட்டில் நடந்தது

அந்தக் காலத்தில் பெயருக்கு முன்னால் எழுத்து இருந்தது போலவே, பின்னால் ஒரு வாலும் இருந்தது. அதுதான் ஜாதிப் பட்டம்.

தாம்பரத்தில் ரெயில் ஏறித் தெற்கே போனால், ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு வந்து விடும். 1929-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக்கூடாது என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். சிவகங்கை ராமச்சந்திரன் தம் பெயரில் இருந்த "சேர்வை" என்ற பட்டத்தை விட்டார். பெரியார் ஈ.வெ.ராமசாமியும் "நாயக்கர்" என்ற பட்டத்தை விட்டவர்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊரெல்லாம் அந்த வழக்கம் பரவியது.

வட மாநிலங்களில் ஒருவருடைய பெயரின் கடைசிச் சொல்லைக் கேட்டால், பல சமயம் ஜாதி தெரிந்து விடும். இங்கே அப்படி அல்ல. இதனால் ஜாதி ஒழிந்து விடவில்லை. ஆனால், வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது ஜாதி கூப்பிடப்படுவது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை.

ஓர் எழுத்து செய்த வேலை சாதாரணமானதா!

அம்மாவின் எழுத்து

இனிஷியல் என்றால் தகப்பனார் பெயர்தானா? இல்லை!

எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பாட்டைக் கேட்காதவர் யார்? அவர் பெயரில் "எம்" என்பது மதுரை. "எஸ்" என்பது சண்முகவடிவு. அது அவருடைய தாயாரின் பெயர்! சண்முகவடிவு, வீணை வாசித்தவர். எம்.எல்.வசந்தகுமாரியின் "எல்" என்பதும் தாயார் லலிதாங்கியின் பெயர்தான்.

கணவரை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். தனியாக நின்று பிள்ளையை வளர்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். "அப்பா பெயர் என்ன?" என்று கேட்கும் இடத்தில் எல்லாம் அவர்கள் கூனிக் குறுகி நின்ற காலம் உண்டு.

சட்டம் இப்போது அவர்கள் பக்கம் வந்திருக்கிறது. தாய் அல்லது தந்தை, ஒருவர் பெயர் கொடுத்தாலே பாஸ்போர்ட்டுக்குப் போதும் என்று 2016-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. தகப்பனார் இறந்த பிறகு, குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்புக் கூறியது.

திருமணம் ஆனதும் பெண்ணின் இனிஷியல் மாறுகிறதே? அது வழக்கம்தான். மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மகனுக்கு அப்பா பெயர்!

கடல் கடந்தால் இந்த எழுத்து வேடிக்கையும் செய்யும்.

செஸ் வீரர் விசுவநாதன் ஆனந்தை வெளிநாட்டார் "விஷி" என்று செல்லமாக அழைக்கிறார்கள். விசுவநாதன் யார்? ஆனந்தின் தகப்பனார்! அப்பா பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிடுகிறார்கள்.

சில சமயம் வேடிக்கை, வினை ஆகி விடும். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால், சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று 2022-ம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உத்தரவு போட்டது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பதறிப் போய்விட்டன!

என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட்டில் எழுத்தை மட்டும் போட முடியாது. அதை விரித்து, முழுப் பெயராக எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதுகிறவர்கள் ஏராளம்.

பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பாஸ்போர்ட் ஆகிய நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் "முத்துசாமி" என்றும், இன்னொன்றில் "முத்துச்சாமி" என்றும் இருந்தால் அலைச்சல்தான். பெயரையோ இனிஷியலையோ மாற்ற விரும்பினால், தமிழ்நாடு அரசிதழில் முறைப்படி அறிவிப்பு வெளியிடலாம்.

இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு உத்தரவிட்டது. அதில் ஒரு சவுகரியம் உண்டு. மாரியப்பன், முத்துசாமி, மோகன் ஆகிய மூவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே "எம்"தான். தமிழில் எழுதினால் மா, மு, மோ என்று தனித்தனியாகத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை முதல் வகுப்பில் சேரும்போது, பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து யாருடையது என்று சொல்லிக் கொடுங்கள். தாத்தாவின் எழுத்து என்ன, பாட்டியின் பெயர் என்ன என்பதையும் சொல்லுங்கள். நமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. நாம் சொன்னால்தான் பிள்ளைக்குத் தெரியும்!