கார்டிஃப் வாசலில் நாலரை லட்சம் கையெழுத்து

2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில், தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. 48 கிலோமீட்டரில் ஓடிய கார் இனி 32-ஐத் தாண்டக் கூடாது. அதை ரத்து செய்யச் சொல்லி அடுத்த சில மாதங்களில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கார்டிஃபில் உள்ள செனெத், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றத்தில் குவிந்தன. நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 31 லட்சம்தான்.

லண்டனின் அதிகாரத்தில் ஒரு பங்கை வேல்ஸுக்குத் தந்த அதிகாரப் பகிர்வு மக்களுக்குக் கசந்துவிட்டது என்று சிலர் இதைப் படித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1997 வாக்கெடுப்பில் வேல்ஸுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற தரப்பு வெறும் 6,721 வாக்குகளில் தப்பிப் பிழைத்தது. வாக்காளர்களில் பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. அன்று கார்டிஃபை ஒரு பொருட்டாகக் கருதாத ஊர்தான் இன்று அதன் கதவைத் தட்டிச் சண்டை போடுகிறது. நம்முடைய அரசு என்று நினைக்காதவர்கள் அதனிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த உரிமை உணர்வு படிப்படியாக வந்தது. 2007-ல் மருந்துச் சீட்டுக் கட்டணம் அறவே நீங்கியது. இங்கிலாந்திலோ 2024-ல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. 2011-ல் கடைப் பைக்கு 5 பென்ஸ் வாங்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்து நான்கு வருடம் கழித்துப் பின்தொடர்ந்தது. அதே 2011-ல் நடந்த வாக்கெடுப்பில் கூடுதல் சட்டமியற்றும் அதிகாரத்துக்கு 63.5 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள்.

அப்படியானால் 20 மைலுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆத்திரம்? மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியல் நீண்டால் அதற்கு லண்டன் பொறுப்பா, கார்டிஃப் பொறுப்பா என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. இத்தனைக்கும் வேல்ஸ் அரசின் பணத்தில் ஏறக்குறைய பாதி மருத்துவத்துக்கே போகிறது. வேகப் பலகை அப்படியல்ல. காலையில் வேலைக்குக் கிளம்பினால் கண்ணெதிரே நிற்கிறது, யார் வைத்தது என்பதிலும் சந்தேகமில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு இருந்தும் வழிகாட்டு விதிகள் இறுக்கமாக இருந்ததால், வீடுகள் நெருங்காத பிரதான சாலைகள் சிலவும் 20-க்குள் மாட்டிக்கொண்டன.

வேகம் குறைந்த பிறகு அந்தச் சாலைகளில் விபத்தில் அடிபடுவோர் எண்ணிக்கை இறங்கியது. அதனாலேயே எனக்கு ஆதங்கம் அதிகம். 2024-ல் போக்குவரத்து அமைச்சர் கென் ஸ்கேட்ஸ் விதிகளைத் தளர்த்தி, எந்தச் சாலை 30-க்குத் திரும்பலாம் என்று உள்ளாட்சிகள் மக்களிடம் கேட்கட்டும் என்றார். பலகைகளை நடுவதற்கு முன்பே தெருத் தெருவாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.