கசங்கிய தாள்

"இனிமே வரமாட்டேன் சார்." மாவட்டச் செஸ் போட்டியில் தோற்றுவிட்டு வந்த மாணவன் சொன்னான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிஷத்தில் ராணியைப் பறிகொடுத்திருந்தான். நகர்த்தல்களை எழுதிய தாள் அவன் சட்டைப் பையில் உருண்டையாகக் கிடந்தது. வாங்கி, மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவினேன்.

அவனுக்குச் செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் கதையைச் சொன்னேன். 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒன்பதாவது ஆட்டத்தின் 28வது நகர்த்தலில் பிஷப்பை நகர்த்தியிருக்க வேண்டும், குதிரையை நகர்த்திவிட்டார். அடுத்த நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. எனக்கு இன்றும் அந்த இடம் வலிக்கும். நான்கே மாதத்தில், கான்டி மான்சிஸ்கில் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேன்டிடேட்ஸ் போட்டியில் 14 சுற்றும் தோற்காமல் ஆடி முதலிடம் பிடித்தார். அடுத்த மோதலிலும் கார்ல்சனே வென்றார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 2017இல், 48 வயதில், ஆனந்த் உலக ரேபிட் சாம்பியன் ஆனார்.

தோற்ற அன்று ராத்திரி பலகையைத் தொடக் கூடாது. சாப்பிட்டுத் தூங்க வேண்டும். மறுநாள் காலையில், கம்ப்யூட்டரைத் திறக்குமுன், சொந்த மூளையால் தவறைத் தேட வேண்டும். எங்கள் வகுப்பில் இது கண்டிப்பான பழக்கம்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவன் வந்துவிட்டான். 31வது நகர்த்தலைப் பென்சிலால் சுழித்து, "இங்கேயே அவசரப்பட்டுட்டேன் சார்" என்றான்.