பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய தரவுத்தள வழங்கியில் ஏற்றுதல்: குறியேற்றச் சிக்கலும் தீர்வும்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகப் பல முயற்சிகள் தமிழ் மின்னூல்களைத் திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டன. அக்கோப்புகளை மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தள வழங்கியில் மொத்தமாக ஏற்றினால் பொதுவாகப் பிழை எழும். வழங்கி யுடிஎஃப்-8 முறையை எதிர்பார்க்க, 8 பிட்டுத் திஸ்கியின் பைட்டுகள் அதன் விதிக்கு ஒவ்வாமையே காரணம். இம்மறுப்பு தரவைக் காக்கிறது. கோப்பை ‘லத்தீன்1’ என அறிவித்தால் ஏற்றம் நிறைவுறும். ஆயினும் உள்ளிருக்கும் தமிழ்ச்சொல் எதுவும் தேடலில் அகப்படாது. ஆகவே ஏற்றத்திற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும்.

குறியெண்களை ஒன்றுக்கொன்று மாற்றுவது மட்டும் போதாது: திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிலேயே பதிவாகும், ஒருங்குறியில் ககரத்தின் பின்னரே உயிர்க்குறி அமையும். ஏற்றிய பின் பதிவுகளின் எண்ணிக்கையோடு, எகர, ஐகார, ஒகரம் ஏறிய சொற்களையும் தேடிச் சரிபார்த்தலே தரவின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும்.