பிரேக் மிதி துடிக்கிறதா? பழுதை இனம் காணும் முறை

கோத்தகிரியில் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் சிறு சரக்கு வண்டி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து ஒன்றரை டன் என்று கொள்வோம். இந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். என்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. மற்றது பிரேக்கின் மேல் விழுகிறது.

இப்படி உழைக்கும் வண்டிகளிலும் கார்களிலும், வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் மிதி காலடியில் துடிப்பது உண்டு. உடனே டிஸ்க்கையும் பேடையும் மாற்றிவிடுவோர் பலர். ஆனால் மூல காரணம் அப்படியே இருந்தால், சில மாதங்களில் துடிப்பு திரும்ப வரும். செய்த செலவு வீண்.

பழுது எந்தப் பக்கம்?

சமமான, போக்குவரத்து இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, பிரேக்கை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

1. பிரேக் அழுத்தாதபோதும் வண்டி ஆடினால், முதலில் டயர், சக்கரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

2. அழுத்தும்போது மட்டும் மிதி துடித்து, ஸ்டியரிங்கும் நடுங்கினால், பெரும்பாலும் பழுது முன் சக்கர டிஸ்க்கில் இருக்கும்.

3. ஸ்டியரிங் நடுங்காமல் இருக்கையில் அதிர்வு தெரிந்தால், பின் சக்கர டிரம்மைச் சந்தேகிக்கலாம். இதை உறுதி செய்ய, 25 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே அதைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அப்போதும் துடித்தால் பழுது பின்பக்கம்தான். மலைச் சாலையிலும் ஈரச் சாலையிலும் இந்தச் சோதனை கூடாது.

ஏ.பி.எஸ். பொருத்திய வண்டியில், வழுக்கும் சாலையில் திடீரென அழுத்தும்போது மிதி படபடவென்று உதறும். அது பழுதன்று.

காரணம் என்ன?

சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்றே பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை வேறு. டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாததே துடிப்புக்குக் காரணம். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடுகூட மிதியில் தெரியும். சாதாரணத் தாளின் தடிமனில் இது ஐந்தில் ஒரு பங்கு.

டிஸ்க் மாட்டும்போது ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால், டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். பஞ்சர் பார்த்தபின் வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும், பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே நிலைதான். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசும். பிரேக் பிடிக்காதபோதும் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த இடம் மெலிந்துவிடும். புது டிஸ்க் மாட்டிப் பல மாதம் கழித்துத் துடிப்பு தொடங்குவது இதனால்தான்.

மலை இறங்கி வந்து, டிஸ்க் கொதிக்கும் நிலையில் மிதியை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வைத்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் பேட் பதிந்த இடத்தில் துருத்தடம் விழும். இலேசான தடம் ஓடும்போது தானே தேய்ந்து மறையும்.

செய்ய வேண்டியவை

மெக்கானிக்கிடம் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தையும், மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடங்களில் தடிமனையும் அளக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பது வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். கடைந்து சரிசெய்வதானால், கடைந்த பிறகும் டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. போவதாயின் மாற்றுவதே நல்லது. எதைச் செய்தாலும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்தபின்பே டிஸ்க்கை மாட்ட வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, ஒரே அளவு இறுக்கத்தில் முடுக்க வேண்டும். டிரம் வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் கடையலாம். அதற்கும் அளவு வரம்பு உண்டு.

மலை இறங்கும்போது, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். சூடான பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரம் சூடாக இருக்கும்போது கைப்பிரேக்கை இறுகப் போட்டு நிறுத்தினால் டிரம் வட்டம் கெடலாம். ஆகவே சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது.

துடிப்பு வேறு, மிதி உள்ளே இறங்குவது வேறு. துடிக்கும் வண்டியை மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். இறக்கத்தில் மிதி மெத்தென்று உள்ளே போனால், சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கக்கூடும். உடனே கியரைக் குறைத்து, கைப்பிரேக்கின் துணையுடன் ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். மிதி ஆறியபின் சரியானதுபோல் தோன்றினாலும், பிரேக்கைச் சோதிக்காமல் அந்த வண்டியைச் சுமையோடு மீண்டும் மலையில் இறக்கக் கூடாது.